தேகப்பயிற்சிக் கழகம் போட்ட ரோடு

1

முசிறியிலிருந்து அண்ணன் கடிதம் போட்டிருக்கிறார். அங்கே வாலிபர்கள் ஒன்றுகூடி விடியற்காலையில் தேகப்பயிற்சி செய்கிறார்களாம். பயிற்சி முடிந்த கையோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாய்க்கால் தூர் வாருகிறார்களாம், காவிரிக் கரையில் மரக்கன்று நடுகிறார்களாம். உடம்புக்கு உடம்பும் ஆயிற்று, ஊருக்கு ஊழியமும் ஆயிற்று என்று அண்ணனுக்கு ஒரே பூரிப்பு. அத்தோடு விட்டிருந்தால் நானும் சந்தோஷப்பட்டுப் பதில் எழுதியிருப்பேன். கடைசியில், "உங்கள் தேயிலைத் தோட்டத்தில் இந்த மாதிரி விஷயமெல்லாம் எங்கே நடக்கப்போகிறது!" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பத்திரிகையில் நான் எப்போதாவது எழுதுவதைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். முசிறியில் எட்டாவது வரை படித்து, கல்யாணமாகி இலங்கைக்கு வந்து, கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பதினேழு பதினெட்டு வருஷமாகக் குடித்தனம் செய்கிறவள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. இதுவரை பனி, குளிர், பச்சை மலை என்றே எழுதி உங்களைக் குளிரவைத்தேன். மலையைப் பற்றி எழுதினால் யாருக்கும் மனஸ்தாபம் வராது. இந்தத் தடவை எங்கள் தேகப்பயிற்சிக் கழகத்தைப் பற்றி எழுதுகிறேன். அண்ணனும் படிக்கட்டும்.

2

கழகத்தை ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர் மாணிக்கம். இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். தொழிற்சாலை மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை. யுத்த காலத்தில் திருகோணமலையில் பட்டாளத்தின் தொழிலாளர் படையில் கொஞ்ச நாள் இருந்தபோது டிரில் பழகிக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு பைத்தியம், ஆட்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது.

இங்கே விடிந்ததும் தொழிலாளர்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடி நிற்க வேண்டும். யாருக்கு எந்த மலையில் வேலை என்று அங்கேதான் சொல்வார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் செருகிக்கொண்டு, குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நிற்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பொருமுவார்.

"நம்மாளுங்க நிக்கிறதப் பாத்தியா செல்லம்? ஒருத்தனுக்கும் கழுத்தே கெடையாது."

"கழுத்து இருந்தா அதுலயும் ஒரு கூடையக் கட்டித் தொங்கவிட்டுருவாங்க," என்பேன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துக்கு முன்னால் இருந்த மைதானத்தில் வாலிபர்களைக் கூட்டினார். லயம் என்றால் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. தண்டால், பஸ்கி, பிறகு வரிசையாக நின்று டிரில். பக்கத்து வீட்டு மீனாட்சி, கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி, வாய் அதைவிடக் கெட்டி. இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏன்ண்ணே, ஆறு நாளும் மலையேறி எறங்குறது பத்தாதா? ஞாயித்துக்கெழமையும் குந்தி எந்திரிக்கணுமா? சோறு மிச்சமாக் கெடந்தா சொல்லுங்க, நாங்க தின்னுக்கிறோம்!"

பெண்கள் எல்லாரும் சிரித்தோம். நானும்தான். தேய்ந்த உடம்பை இன்னும் தேய்ப்பதற்கு ஒரு கழகமா என்று எனக்கும் தோன்றியது.

அந்த மீனாட்சியின் தங்கை அஞ்சலைக்கு இடுப்புவலி கண்டபோதுதான் எல்லாம் மாறியது. எங்களுடையது தோட்டத்தின் மேல் டிவிசன். தோட்டத்தை நடத்துகிற துரையின் கார் வருகிற வழி மலையையே சுற்றிக்கொண்டு பல மைல் போகும். ஆட்கள் பஸ் ரோட்டுக்குப் போக ஒரே வழி, ஓடையைத் தாண்டி வழுக்குப் பாறை மேல் இறங்குகிற ஒற்றையடிப் பாதை. நோயாளியைக் கம்பளிக்குள் கிடத்தி, கம்பளியை ஒரு கழியில் கட்டி, முன்னால் பின்னால் ஆள் மாற்றி மாற்றித் தூக்கிப் போவார்கள். அஞ்சலை பிழைத்துக்கொண்டாள். குழந்தை பாறையில் இறங்கும்போதே போய்விட்டது. கழியைத் தூக்கிய தோள்களில் ஒன்று என் வீட்டுக்காரருடையது.

அடுத்த ஞாயிறு பயிற்சிக்கு வந்தவர்களிடம் அவர் சொன்னார்: "இனிமே சும்மா குந்தி எந்திரிக்க வேணாம். மம்பட்டியோட குந்தி எந்திரிப்போம். ஒடம்பும் தேறும், ரோடும் வரும்."

அன்றைக்கு மீனாட்சி சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய்த் தன் புருஷனின் மண்வெட்டியை எடுத்துவந்து, தானே வரிசையில் நின்றாள்.

3

பழைய பாதையை யாரும் திருத்த முடியாது, அது முழுக்கப் பாறை. மேட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் இறங்கினால் ஒரு சிங்களக் கிராமம். அங்கிருந்து பஸ் ரோடு கூப்பிடு தூரம். அந்தப் பக்கமாக, தேயிலைக்கு நடுவே சும்மா கிடந்த புல்வெளி வழியாக ரோடு வெட்டலாம் என்று முடிவாயிற்று. துரையிடம் அனுமதி கேட்டுப் போனார்கள். கணக்கப்பிள்ளை உள்ளே போய்விட்டு வந்து, "ஞாயித்துக்கெழம ஒங்க நேரம். ஒரு தேயிலைச் செடியிலயும் கைய வைக்காம என்னத்தையும் செஞ்சுக்கங்கன்னு தொர சொல்றாரு," என்றார். வாய்வார்த்தைதான். எங்களுக்கு அதுவே பெரிய வரமாக இருந்தது.

கிராமத்துப் பக்கத்திலிருந்து குணதாஸ வந்தார். கோவா எனப்படும் முட்டைக்கோஸும் கேரட்டும் பயிரிடுகிறவர், என் வீட்டுக்காரர் வயதுதான். முதல் ஞாயிறு தூரத்தில் நின்று பார்த்தார். அடுத்த ஞாயிறு கிராமத்துப் பையன்களையும் கூட்டிக்கொண்டு, அலவாங்குக் கடப்பாரையும் கையுமாக வந்துவிட்டார். "எங்கட மரக்கறிக்கும் பாதை வேணும் மாணிக்கம் அய்யா," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

முதலில் டிரில், பிறகு வேலை. அதுவும் டிரில் மாதிரியேதான். மண்வெட்டி ஓங்குவது ஒரே வீச்சில், கல் கைமாறுவது ஒரே தாளத்தில். இந்தப் பக்கம் "ஒண்ணு, ரெண்டு" என்றால் அந்தப் பக்கம் "எக்கய், தெக்கய்" என்பார்கள். போகப்போக எங்கள் ஆட்கள் எக்கய் என்றார்கள், அவர்கள் ரெண்டு என்றார்கள். என் மகள் கமலா அப்போது சின்னப் பெண். எண்ணிக்கையை அங்கேதான் கற்றுக்கொண்டாள், இரண்டு பாஷையையும் கலந்து. திருத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வெட்டிய மண் மழையில் சரியாமலிருக்க ஓரமெல்லாம் மானாப் புல் நட்டோம். மேட்டில் நிழல்மரக் கன்றுகள் வைத்தோம். லயத்துக்குத் தண்ணீர் வருகிற பீலியைச் சுற்றி அடைந்துகிடந்த குப்பையையெல்லாம் வாரி எடுத்தோம். பீலி என்பது மலையூற்றை ஒரு குழாய் வழியாக விழவைக்கிற இடம். அங்கேதான் குடி, குளியல், துவையல் எல்லாம். அந்த வருஷம் பிள்ளைக் காம்பராவில் வயிற்றுப்போக்கு குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக முசிறி ஞாபகம் வராமல் ஒரு நாள் முழுதும் போயிற்று. ஆறு நாள் கூலிக்கு உழைக்கும்போது வளைகிற அதே முதுகு, ஏழாம் நாள் நிமிர்ந்திருந்தது. மீனாட்சியின் புருஷனுக்கு மார்பு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

4

இதற்கு நடுவே பிரஜாவுரிமை விசாரணை வந்தது. அண்ணனுக்கும் உங்களுக்கும் இது புரியாது. முசிறியில் பிறந்தவர்கள் யாரும் தாங்கள் முசிறியில்தான் இருக்கிறோம் என்று அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்தவர் என் வீட்டுக்காரர். அவர் அப்பாவின் பிறப்பைக் காட்டு என்றார்கள். அவர் அப்பா பிறந்ததற்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் தேயிலைச் செடிகளுக்கு அடியில் புதைந்துகிடக்கிறார்கள். அதனால் இன்னொரு சட்டத்தின்கீழ் மனுப்போட்டிருந்தோம். இத்தனை வருஷம் தொடர்ந்து இங்கேயே குடியிருந்தோம், இங்கேயே இருப்போம் என்று காட்ட வேண்டும்.

கந்தோரில், அதுதான் இங்கே ஆபீஸ், முதலில் நான்தான் காரியத்தைக் கெடுத்தேன். மேசையில் உட்கார்ந்திருந்த சிங்கள அம்மாவை மரியாதையாகக் கூப்பிடுவதாக நினைத்து "மாத்தயா" என்றேன். அது ஆண்களைக் கூப்பிடுகிற வார்த்தை. அறையே சிரித்தது. அந்த அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கேட்டார்: "உன் மனைவி இந்தியாவுக்குப் போனாளா?"

"ஆமாங்க. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிச்சோம்."

"எவ்வளவு காலம் அங்கே இருந்தாள்?"

நான் வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன். கமலா இளைத்துப் பிறந்தாள், அம்மாவும் படுத்துவிட்டாள், எப்படிக் கிளம்புவது? தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகாத தமிழச்சி உண்டா? அதைச் சட்டம் எழுதினவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மனைவியின் குடியிருப்பு அறுந்துவிட்டது, ஆகவே குடும்பம் இங்கே நிலைத்ததாகக் கொள்ள முடியாது என்றார்கள்.

என் வீட்டுக்காரர் அப்போதும் விடவில்லை. "சாமி, நாங்க இங்கயே இருக்கப் போறவங்கதாங்க. இல்லாட்டி ஞாயித்துக்கெழமையில சும்மா ரோடு போடுவோமா? மரம் நட்டுருக்கோம். போறவன் மரம் நடுவானா?"

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும் அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். பொல்லாத மனிதர் இல்லை. "ரோடு போடுவது ஒரு பிரஜையின் நல்ல குணம்தான். ஆனால் நீ பிரஜையா என்பதல்லவா கேள்வி," என்றார். மனு தள்ளுபடி.  அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் முன்னால் போய் மைதானத்தில் நின்றார்.

5

ரோடு முடிந்தது. திறந்துவைக்க ஒரு பெரிய மனிதர் வருவதாகக் கிராம சபையில் ஏற்பாடு. எங்களுக்கு அந்த நாளில் ஒரே ஒரு காரியம் நடந்தாக வேண்டும். கிராமப் பக்கத்து ரோடு எப்படியும் சபையின் ரோடாகிவிடும். தோட்டத்துப் பக்கம் துரையின் நிலம், சபையின் எல்லைக்கு வெளியே. நாங்களோ வாக்குரிமை இல்லாத ஆட்கள். பெரிய மனிதர் மனம் வைத்து அதையும் பொதுப்பாதை என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் மூட முடியாது. என் வீட்டுக்காரர்தான் கேட்பது என்று பேச்சு. குணதாஸ அவருக்கு நான்கு வரி சிங்களம் சொல்லிக்கொடுத்தார். அவர் கொழுந்து வாட்டும்போதெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம்.

கழகத்தார் எல்லாரும் வெள்ளைப் பனியன் போட்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே அணிவகுத்து நிற்க வேண்டும். கார் நிற்கும். இவர் முன்னால் போய் வணக்கம் சொல்லிக் கேட்பார். எத்தனையோ ஞாயிறு ஒத்திகை பார்த்தார்கள். "கார் வந்தா நிக்கணும். நெஞ்ச நிமித்தி நிக்கணும். ஒருத்தனும் அசையக்கூடாது," என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. துரையின் கார் வந்தால் ரோட்டில் போகிற தொழிலாளி ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கிவிட வேண்டும். தலைத்துண்டை எடுக்க வேண்டும், குடையை மடக்க வேண்டும். யாரும் இதைக் கற்றுக்கொடுப்பதில்லை. நடக்கப் பழகும்போதே இதுவும் சேர்ந்து பழகிவிடுகிறது.

அன்றைக்கு, நிலத்துக்காரர் என்ற மரியாதைக்காகத் துரையையும் அழைத்திருந்தார்கள். பெரிய மனிதரைத் தோட்டத்துச் சுற்றுவழியில் கூட்டிவந்தவரும் அவர்தான். அவருடைய கார்தான் முன்னால் வந்தது.

பெண்கள் நாங்கள் மேட்டில் தேயிலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வளைவில் அந்தக் கார் தெரிந்ததும் வெள்ளைப் பனியன் வரிசை இரண்டாகப் பிளந்தது. எல்லாரும் கானுக்குள் இருந்தார்கள். பேச வேண்டிய மனிதரின் கை அவருடைய தலைத்துண்டை உருவிக்கொண்டிருந்தது. அவர் இறங்கியது அவருக்கே தெரியாது என்று சத்தியம் செய்வேன். ஏனென்றால் மேட்டில் நின்ற நானும் குடையை மடக்கியிருந்தேன்.

இரண்டு கார்களும் எங்கள் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போயின. எல்லைக்கு அந்தப் பக்கம் குணதாஸவும் கிராமத்தாரும் நடுரோட்டில் மாலையோடு நின்றார்கள். அவர்களுக்கு விலகிப் பழக்கமில்லை. கார் நின்றது. மாலை விழுந்தது, பேச்சு நடந்தது. குணதாஸ எங்கள் பக்கம் கைநீட்டி, பாதி ரோடு போட்டது இவர்கள்தான் என்று சத்தமாகச் சொன்னார். பெரிய மனிதர் திரும்பிப் பார்த்தார். தலையில் துண்டில்லாமல் கானுக்குள் நிற்கிற ஆட்களைப் பார்த்து, துரை வேடிக்கை பார்க்க அனுப்பிய கூலிகள் என்று நினைத்திருப்பார். சிரித்துத் தலையசைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். கூப்பிட்டு அழைத்துவர ஓடிவந்த குணதாஸவிடம் என் வீட்டுக்காரர் வர மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அந்த நான்கு வரியை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கிராமப் பக்கம் சபையின் ரோடாகித் தார் கண்டது. எங்கள் பக்கத்து எல்லையில் துரை ஆளுயரத்துக்கு இரும்புக் கேட் போட்டு, இரண்டு பக்கமும் பள்ளம் வரை முள்கம்பி இழுத்துப் பூட்டினார். விறகும் கொழுந்தும் அந்த வழியாகத் திருட்டுப் போகிறதாம். சாவி வாச்சரிடம். நல்ல காரியத்துக்குக் கேட்டால் திறந்துவிடுவார் என்றார்கள். அவரும் திறந்துவிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

6

இரண்டாவது பிரசவத்துக்கு நான் முசிறி போகவில்லை. போனால் திரும்பி வர விசா கிடைக்காது. இங்கேதான் பெற வேண்டும், நமக்குத்தான் ரோடு இருக்கிறதே என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வலி கண்டது. குழந்தையின் கை முதலில் வந்துவிட்டது. மருத்துவச்சி பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று அலறினாள். மைதானத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் அப்படியே ஓடிவந்தார்கள். கம்பளிக்குள் கிடந்த எனக்குக் குலுங்கலே தெரியவில்லை. அவ்வளவு சீராக நடந்தார்கள். அந்த ரோடும் அவ்வளவு நல்ல ரோடு.

கேட் பூட்டியிருந்தது. வாச்சர் சாவியோடு கொட்டகலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

கம்பளியைத் தரையில் இறக்கவில்லை, தூக்கியபடியே நின்றார்கள். ஒருவன் ஓடினான், கூப்பிட்டான், திரும்பி வந்தான். மலையைக் கல் கல்லாகப் பெயர்த்த ஆட்கள் அவர்கள். ஒரு பூட்டு எந்த மூலைக்கு! நான் கத்தினேன்:

"ஒடைங்கடா! கேட்ட ஒடைங்கடா!"

 ஒருவன் மட்டும், "அண்ணே, ஒடச்சிருவமா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டான். உடைத்தால் மறுநாள் பெரட்டில் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து அறையும் போகும். கழியைத் தூக்கியிருந்த ஒவ்வொருவனுக்கும் ஒரு லயத்து அறையும் அதற்குள் பிள்ளைகளும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

"திருப்புங்க. பழைய வழியில எறங்குவோம்."

பையன். பார்க்க அழகாக இருந்தானாம். எனக்குக் காட்டவில்லை.

மறுநாள் குணதாஸ வந்து வாசலில் உட்கார்ந்து அழுதார். "என்னைக் கூப்பிட்டிருந்தா நான் உடைச்சிருப்பேன் அக்கா," என்றார். உடைத்திருப்பார். அவர் பெயரை வெட்ட யாருமில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கேட் முன்னால் கழியோடு நின்றவர்கள் மேலும் கோபமில்லை. என் புருஷன் மேல் மட்டும் இருந்தது. அவர் செய்ததுதான் சரி என்று தெரிந்ததால் அது இன்னும் ஆறவில்லை.

அதோடு கழகம் முடிந்தது.

7

இப்போது துரை மாறிவிட்டார். கேட் துருப்பிடித்துத் திறந்தே கிடக்கிறது. எங்கள் பக்கத்து ரோடு மழையில் பாதி சரிந்து, புல் மண்டிவிட்டது. டெல்லியில் இந்தியாவும் இலங்கையும் எங்களைப் பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நாங்கள் எந்தப் பங்கில் வருவோம் என்று யாருக்கும் தெரியாது. சீக்கிரம் ஊர் வந்து சேர்வீர்கள் என்கிறார் அண்ணன். முசிறியில் பிறந்த கமலாவிடம் உன் ஊர் எது என்று கேட்டால் இந்த டிவிசனைச் சொல்கிறாள்.

போன மாதம் ஒரு உத்தியோகத்தர் வந்தார். ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளியின் மகன், நல்ல பிள்ளை, முகத்தில் சிரிப்பு மாறவில்லை. இளைஞர்களைச் சேர்த்து ஞாயிறு காலையில் உடற்பயிற்சி, பிறகு சிரமதானமாகக் கூலியில்லாத ஊர்வேலை என்று அரசாங்கத்தில் ஏதோ திட்டமாம். இந்தப் பழைய ரோட்டைத்தான் முதலில் எடுக்கப் போகிறோம் என்றார். முன்பு இதை நடத்தியவர் என்று கேள்விப்பட்டு எங்கள் வாசலுக்கே வந்திருந்தார்.

"நீங்க முன்னுக்கு நின்டு நடத்தித் தரணும் நானா," என்றார். அண்ணனை அவர்கள் நானா என்பார்கள்.

என் வீட்டுக்காரர் அவருக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பிறகு கேட்டார்: "சாவி யார் கையில இருக்கும் தம்பி?"

"எந்தச் சாவி? கேட்தான் தெறந்து கெடக்கே!"

"ரோடு இல்லாததுனால தெறந்து கெடக்கு. ரோடு வந்துச்சுன்னா பூட்டும் வரும்."

 அந்தப் பிள்ளை தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். போகிற வழியில் கமலா அவரிடம் தன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். எங்களிடம் கேட்கவில்லை.

போன ஞாயிறு விடியுமுன் அப்பாவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தம்பியை எந்தக் கேட்டிலிருந்து திருப்பினோம் என்று அவளுக்குத் தெரியும். அவர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார், போகாதே என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சாயந்தரம் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளத்தோடு வந்தாள். எண்ணெய் காய்ச்சித் தடவிவிட்டேன். எரிச்சலில் கையை இழுத்துக்கொண்டே, "அடுத்த கெழம வளைவு வரைக்கும் முடிச்சிருவோம்மா," என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கொப்புளம் பெரிதாகப் படவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பயம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களும் இப்படித்தான் சிரித்தோம்.